நடுக்கடலில் காணாமல் போன கப்பல்

பையில் இருக்கும் பணம் திருட்டுப் போவது உண்டு. கொல்லையில் கட்டிய மாடு திருட்டுப் போவதும் உண்டு. ஆனால், ஒரு கப்பல் திருட்டுப் போகுமா? அதுவும் 7 ஆயிரம் டன் சரக்கோடு, 17 மாலுமிகளோடு?

போயிற்று.

இது கதை அல்ல. 1999-ம் ஆண்டில் நடந்த உண்மை நிகழ்ச்சி. திருட்டுப் போன கப்பலைத் தேடிப் பிடித்தவர்கள் நம் நாட்டுக் கடலோரக் காவல் படையினரும் கடற்படையினரும்தான். அவர்கள் தனியாகப் பிடித்துவிடவில்லை. கோலாலம்பூரில் டெலிபோன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள், குவைத் நாட்டு எண்ணெய்க் கப்பலில் போய்க்கொண்டிருந்தவர்கள் என்று ஒருவரை ஒருவர் பார்த்தே இராதவர்கள் எல்லாம் சேர்ந்துதான் பிடித்தார்கள். அது எப்படி என்று பார்ப்போம்.

அன்று இரவு

சுமத்ரா தீவில் குவாலா தஞ்சுங் என்று ஒரு துறைமுகம் இருக்கிறது. இந்தோனேசியா நாட்டைச் சேர்ந்தது. அங்கே பெரிய அலுமினியத் தொழிற்சாலை உண்டு. 1999-ம் ஆண்டு அக்டோபர் 22-ந் தேதி அந்தத் துறைமுகத்தில் இருந்து ஒரு சரக்குக் கப்பல் புறப்பட்டது. அதன் பெயர் ‘அலோண்ட்ரா ரெயின்போ’. சொந்தக்காரர்கள் ஜப்பானியர்கள். புதிய கப்பல். அதில் 7 ஆயிரம் டன் அலுமினியக் கட்டிகளை ஏற்றியிருந்தார்கள். சரக்கின் மதிப்பு மட்டும் சுமார் 1 கோடி டாலர். ஜப்பானில் உள்ள மீகே துறைமுகத்துக்கு அதைக் கொண்டுபோக வேண்டும்.

கப்பலில் 17 பேர் இருந்தார்கள். காப்டனும் தலைமை என்ஜினீயரும் ஜப்பானியர்கள். மற்ற 15 பேரும் பிலிப்பைன்ஸ் நாட்டுக்காரர்கள்.

கரையை விட்டுப் புறப்பட்டுச் சில மணி நேரம்தான் ஆகியிருக்கும். இருட்டில் முகமூடி ஆசாமிகள் கப்பலுக்குள் புகுந்துவிட்டார்கள். கையில் துப்பாக்கி, பட்டாக்கத்தி. மாலுமிகளிடம் என்ன ஆயுதம் இருக்கும்? சரக்குக் கப்பலில் பீரங்கியா வைத்திருப்பார்கள்? எதிர்த்தால் கொன்றுவிடுவோம் என்று மிரட்டி, எல்லோருடைய கையையும் கட்டினார்கள். கண்ணையும் கட்டினார்கள்.

பிறகு, பக்கத்தில் வந்து நின்ற வேறு ஒரு கப்பலுக்கு அந்த 17 பேரையும் மாற்றினார்கள். ‘அலோண்ட்ரா ரெயின்போ’ கொள்ளைக்காரர்களுடன் இருட்டில் போய் மறைந்தது.

மாலுமிகளை ஒரு வாரம் அடைத்து வைத்திருந்தார்கள். அக்டோபர் 29-ந் தேதி அவர்களை வெளியே கொண்டுவந்தார்கள். காற்று அடைத்த ரப்பர் மிதவை ஒன்றில் 17 பேரையும் இறக்கி, நடுக்கடலில் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

மிதவையில் பத்து நாள்

மிதவை என்றால் படகு என்று நினைத்துவிடாதீர்கள். அதற்குத் துடுப்பும் இல்லை, பாயும் இல்லை. காற்றும் நீரோட்டமும் எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் போகும். நம் வீட்டுக் கூடத்தில் பாதி இடம்கூட அதில் இராது. அதற்குள் 17 பேர்! படுக்க முடியாது. கால் நீட்ட முடியாது. இருந்த தண்ணீரும் ஆகாரமும் கொஞ்சம். பகலில் வெயில். இரவில் குளிர். சுற்றிலும் தண்ணீர். ஆனால், குடிக்க ஒரு மடக்கு இல்லை.

தூரத்தில் கப்பல்கள் போயின. மிதவையில் இருந்தவர்கள் அபாய ஒளி காட்டினார்கள். எந்தக் கப்பலும் நிற்கவில்லை.

கடலில் தத்தளிக்கிறவனைக் கண்டால் நின்று காப்பாற்ற வேண்டும் என்பது மாலுமிகளின் பழைய தர்மம். இன்று அது சர்வதேசச் சட்டமும்கூட. அப்படி இருந்தும் ஏன் நிற்கவில்லை? பார்க்காமல் போயிருக்கலாம். பார்த்தும், இது கொள்ளைக்காரர்களின் சூழ்ச்சியோ என்று பயந்து போயிருக்கலாம். கொள்ளைக்காரன் செய்கிற கெடுதலில் இதுவும் ஒன்று. நல்லவனையும் சந்தேகப்படும்படி செய்துவிடுகிறான்.

நவம்பர் 8-ந் தேதி, தாய்லாந்து நாட்டு மீன்பிடிப் படகு ஒன்று அந்த மிதவையைக் கண்டது. அந்த மீனவர்கள் பயப்படவில்லை. 17 பேரையும் தூக்கித் தங்கள் படகில் ஏற்றிக்கொண்டு, புக்கெட் என்ற ஊரில் கரை சேர்த்தார்கள். ஒரு உயிர்கூடப் போகவில்லை. பெரிய பெரிய கப்பல்கள் செய்யாததை மீன்பிடிப் படகு செய்தது.

கரையில் பிறந்த பீதி

மாலுமிகள் மிதவையில் கிடந்த நாட்களில் கரையில் என்ன நடந்தது?

கப்பலில் இருந்து ஒரு தகவலும் வரவில்லை. ரேடியோவில் கூப்பிட்டார்கள். பதில் இல்லை. முழுகிவிட்டதா? முழுகினால் உடைந்த பலகையாவது, எண்ணெயாவது மிதக்க வேண்டும். அதுவும் இல்லை.

கப்பல் சொந்தக்காரர்களுக்கு வயிற்றைக் கலக்கியது. காரணம் இருந்தது. அதற்கு முந்திய ஆண்டு, 1998 செப்டம்பரில், அதே குவாலா தஞ்சுங்கில் இருந்து, அதே அலுமினியத்தை ஏற்றிக்கொண்டு ‘தென்யூ’ என்ற கப்பல் புறப்பட்டது. அதுவும் ஜப்பானியருக்குச் சொந்தம். தென் கொரியாவுக்குப் போக வேண்டிய கப்பல். போகவில்லை. மூன்று மாதம் கழித்துச் சீனாவில் ஒரு துறைமுகத்தில் அது கண்டுபிடிக்கப்பட்டது. பெயர் மாறியிருந்தது. உள்ளே அலுமினியம் இல்லை. இருந்தவர்கள் வேறு ஆட்கள்.

பழைய மாலுமிகள் எங்கே? கொரியர்களும் சீனர்களுமான அந்த மாலுமிகளில் ஒருவர்கூடத் திரும்பி வரவில்லை. கப்பலில் பிடிபட்டவர்கள் பிறகு தங்கள் நாட்டுக்கு அனுப்பப்பட்டுவிட்டார்கள். தண்டனை இல்லை.

‘அலோண்ட்ரா ரெயின்போ’ மாலுமிகளின் வீடுகளில் அந்த இரண்டு வாரமும் எப்படிக் கழிந்திருக்கும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. பிள்ளையைக் கடலுக்கு அனுப்பிய வீடுகள் நம் தூத்துக்குடியிலும் நாகப்பட்டினத்திலும் எத்தனையோ இருக்கின்றன. அவர்களுக்குத் தெரியும்.

மாட்டுச் சந்தைக் கணக்கு

நம் ஊர்களில் மாட்டுத் திருட்டு எப்படி நடக்கும் என்று பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். உள்ளூர்ச் சந்தையில் திருட்டு மாட்டை யாரும் விற்கமாட்டார்கள். அடையாளம் தெரிந்துவிடும். கொம்பைச் சீவி, வர்ணத்தை மாற்றிப் பூசி, மூன்று ஜில்லா தாண்டி ஓட்டிக்கொண்டு போவார்கள். அங்கே உள்ள போலீசுக்கு இங்கே திருட்டுப் போனது தெரியாது. இங்கே உள்ள போலீசுக்கு மாடு அங்கே நிற்பது தெரியாது. இந்த இடைவெளியில்தான் திருடன் பிழைப்பு நடக்கிறது.

கப்பல் திருட்டும் அப்படித்தான். இந்தோனேசியாவில் திருட்டு. சொந்தக்காரர் ஜப்பானில். கப்பலில் பறந்தது பனாமா நாட்டுக் கொடி. மாலுமிகளில் பெரும்பாலோர் பிலிப்பைன்ஸ். அவர்கள் கரை ஏறியது தாய்லாந்தில். கடைசியில் கப்பல் பிடிபட்டது இந்தியாவுக்குப் பக்கத்தில். இதில் எந்த நாட்டுப் போலீஸ் வழக்கு எழுதுவது? அவரவர் ‘இது எங்கள் எல்லை இல்லை’ என்று சொல்லிவிட்டால் போதும். கொள்ளைக்காரனுக்குக் கொண்டாட்டம்.

அந்த இடைவெளியை அடைப்பதற்காக ஏற்பட்ட காரியாலயம் ஒன்று மலேசியாவில், கோலாலம்பூரில் இருக்கிறது. அது அரசாங்கக் காரியாலயம் அல்ல. வியாபாரிகள் ஏற்படுத்தியது! சர்வதேச வர்த்தக சபையைச் சேர்ந்த ‘சர்வதேசக் கடல்சார் பணியகம்’ 1992-ம் ஆண்டில் அதைத் திறந்தது. கொள்ளை நடந்தால் எந்தக் கப்பல் காப்டனும் இரவு பகல் எந்த நேரத்திலும் அங்கே தகவல் சொல்லலாம். காசு இல்லை. தகவல் வந்ததும் பக்கத்தில் உள்ள நாட்டின் காவல் படைக்குச் சொல்வார்கள். அந்த வழியில் போகும் மற்றக் கப்பல்களுக்கும் செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கை அனுப்புவார்கள்.

அவர்களிடம் ஒரு படகு கிடையாது. ஒரு துப்பாக்கி கிடையாது. தகவல் ஒன்றுதான் ஆயுதம்.

‘அலோண்ட்ரா ரெயின்போ’வைக் காணவில்லை என்றதும் அந்தக் காரியாலயம் கப்பலின் அங்க அடையாளங்களை எல்லாக் கப்பல்களுக்கும் அறிவித்தது. காணாமல் போன குழந்தையின் படத்தைப் பத்திரிகையில் போடுகிறோம் அல்லவா? அந்த மாதிரி.

குவைத் கப்பலின் கூர்ந்த பார்வை

நவம்பர் மாதம் நடுவில் அரபிக் கடலில், நம் கேரளக் கரைக்கு அப்பால், குவைத் நாட்டு எண்ணெய்க் கப்பல் ஒன்று போய்க்கொண்டிருந்தது. அந்த அறிவிப்பை அதன் காப்டன் படித்திருந்தார். எதிரில் தெரிந்த ஒரு சரக்குக் கப்பலைப் பார்த்ததும் அவருக்குச் சந்தேகம் தட்டியது.

பெயரை அழித்து வேறு பெயர் எழுதிவிடலாம். வர்ணத்தை மாற்றிவிடலாம். ஆனால், கப்பலின் உடல்வாகை மாற்ற முடியுமா? பளு தூக்கிகள் எத்தனை, எங்கெங்கே இருக்கின்றன, புகைபோக்கி எந்த வடிவம், மேல்தளம் எவ்வளவு உயரம் என்பதெல்லாம் ஒளிக்க முடியாத அடையாளங்கள். காப்டன் தாமதிக்கவில்லை. கோலாலம்பூருக்குத் தகவல் கொடுத்தார். கோலாலம்பூர் உடனே இந்தியக் கடலோரக் காவல் படையைக் கூப்பிட்டது.

கடலோரக் காவல் படை வேறு, கடற்படை வேறு. பலருக்கு இந்த வித்தியாசம் தெரிவதில்லை. கடற்படை யுத்தத்துக்கு. கடலோரக் காவல் படை, சமாதான காலத்தில் கடலில் நடமாடும் போலீஸ் மாதிரி. கள்ளக்கடத்தலைத் தடுப்பது, முழுகுகிறவர்களைக் காப்பாற்றுவது, எண்ணெய் கொட்டினால் துடைப்பது எல்லாம் அதன் வேலை. ஒரு காலத்தில் மேற்குக் கரையில் தங்கக் கடத்தல் தலைவிரித்து ஆடிற்று. அப்போது தனிப்படை வேண்டும் என்ற யோசனை பலமாக எழுந்தது. 1977-ம் ஆண்டு பிப்ரவரி 1-ந் தேதி, கடற்படை கொடுத்த 7 கப்பல்களோடு இந்தப் படை பிறந்தது. மறு ஆண்டில் தனிச் சட்டமும் வந்தது.

தகவல் கிடைத்ததும் காவல் படை விமானம் பறந்தது. கடலுக்கு மேலே தேடியது. சந்தேகக் கப்பலைக் கண்டுபிடித்தது. பின்பக்கம் எழுதியிருந்த பெயர் ‘மெகா ராமா’. பறந்த கொடி, மத்திய அமெரிக்காவில் உள்ள பெலிஸ் என்ற சின்ன நாட்டின் கொடி. இடையில் ‘குளோபல் வென்ச்சர்’ என்று ஒரு பெயரும் வைத்து எடுத்திருக்கிறார்கள். பெயருக்கா பஞ்சம்? கடைசியில் ராமர் பெயரையும் விட்டுவைக்கவில்லை!

கொடி யாருடையது?

இங்கே ஒரு சட்டச் சிக்கல் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். விஷயத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

கரையில் இருந்து 12 கடல் மைல் வரைதான் ஒரு நாட்டின் சொந்தக் கடல். அதற்கு அப்பால் 200 மைல் வரை மீன், எண்ணெய் போன்ற செல்வங்களில் உரிமை உண்டு. அதையும் தாண்டினால் பொதுக் கடல். எல்லோருக்கும் பொது. பொதுக் கடலில் போகிற கப்பல், அது எந்த நாட்டுக் கொடியைப் பறக்கவிடுகிறதோ அந்த நாட்டின் மண் மாதிரி. வேறு நாட்டார் நினைத்தபடி நிறுத்தி ஏறிவிட முடியாது. ஏறினால் இரண்டு நாடுகளுக்கும் தகராறு வரும்.

ஆனால், கொள்ளைக்காரனுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. கொள்ளைக் கப்பலைப் பொதுக் கடலில் எந்த நாடும் பிடிக்கலாம். 1982-ம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடல் சட்ட ஒப்பந்தம் அப்படிச் சொல்கிறது. கொடியே பொய் என்றாலும் ஏறிச் சோதனை போடலாம்.

அப்படியானால், அந்தக் கொடி பொய்யா, மெய்யா? பெலிஸ் நாட்டுக் கப்பல் பதிவுக்காரர்களிடம் விசாரிக்கப்பட்டது. ‘மெகா ராமா’ என்ற பெயரில் எங்களிடம் கப்பல் பதிவாகவில்லை என்று பதில் வந்தது.

அவ்வளவுதான். முடிச்சு அவிழ்ந்தது. நடுக்கடலில் நின்ற காவல் படைக்குத் தைரியமாகக் கை வைக்க வழி கிடைத்தது. துப்பாக்கி செய்யாத காரியத்தை, எங்கேயோ ஒரு பதிவேட்டைப் புரட்டிப் பார்த்த குமாஸ்தா செய்துவிட்டார் என்று சொன்னாலும் பிசகு இல்லை.

தாராபாய் துரத்தினாள்

காவல் படைக் கப்பல் ‘தாராபாய்’ சந்தேகக் கப்பலை நோக்கி விரைந்தது. தாராபாய் என்பவர் ஔரங்கசீப்பை எதிர்த்துப் படை நடத்திய மராட்டிய ராணி. அவர் பெயரைத் தாங்கிய கப்பல் அது.

ரேடியோவில் கேட்டார்கள். “மணிலாவில் இருந்து புஜைராவுக்குப் போகிறோம்” என்று பதில் வந்தது. புஜைரா என்பது அரபு நாட்டுத் துறைமுகம். “நிறுத்துங்கள், சோதனை போட வேண்டும்” என்றார்கள். கப்பல் நிற்கவில்லை. எச்சரிக்கையாக, கப்பலுக்கு முன்னால் கடலில் விழும்படி சுட்டார்கள். நிற்கவில்லை. திரும்பத் திரும்பச் சுட்டார்கள். அப்போதும் நிற்கவில்லை. மேற்குத் திசையில் ஓடிக்கொண்டே இருந்தது.

சுட்டு முழுக அடித்துவிடலாமே என்று நமக்குத் தோன்றும். அது லேசு. ஆனால், உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டாமா? சரக்கு இருக்கிறது. சாட்சியம் இருக்கிறது. முழுகடித்தால் எல்லாம் போச்சு. ஆகவே, நோகாமல் பிடிக்க வேண்டும். ஆயிரக்கணக்கான டன் எடை உள்ள இரும்பு மலையை, அது ஓடுகிறபோது, நோகாமல் நிறுத்துவது எப்படி?

கடற்படைக்குச் சொல்லி அனுப்பினார்கள். ஏவுகணைக் கப்பலான ‘பிரஹார்’ வந்து சேர்ந்தது. இரண்டு கப்பல்களும் சேர்ந்து நெருக்கின. மறுபடி சுட்டார்கள். இந்தத் தடவை குறி கப்பலின் மேலேயே. கடைசியில், நவம்பர் 16-ந் தேதி, கொள்ளைக்காரர்கள் பணிந்தார்கள். ‘மெகா ராமா’ நின்றது.

நின்றதே தவிர, சும்மா நிற்கவில்லை. உள்ளே இருந்தவர்கள் தடயங்களை அழிக்கத் தீ வைத்துவிட்டார்கள். தண்ணீரை உள்ளே விட்டுக் கப்பலை முழுகடிக்கவும் பார்த்தார்கள். நம் வீரர்கள் ஏறி, தீயை அணைத்து, புகுந்துகொண்டிருந்த தண்ணீரை நிறுத்தினார்கள். 15 பேர் பிடிபட்டார்கள். எல்லோரும் இந்தோனேசியர்கள். கப்பலைக் கட்டி இழுத்து மும்பைக்குக் கொண்டுவந்தார்கள்.

சரக்கை எண்ணிப் பார்த்தார்கள். 7 ஆயிரம் டன்னில் 4 ஆயிரம் டன்தான் இருந்தது. 3 ஆயிரம் டன்னை வழியிலேயே வேறு கப்பலுக்கு மாற்றிக் கைமாற்றிவிட்டார்கள். இது பசிக்குத் திருடியவன் வேலை அல்ல. வாங்குகிற ஆளை முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொண்டு செய்த திருட்டு. ஏறிய கூலி ஆட்கள் அகப்பட்டார்கள். எசமான் எங்கேயோ நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

கோர்ட்டில் நடந்தது

நடுக்கடலில் கப்பலைப் பிடிப்பதைவிடக் கஷ்டமான காரியம் ஒன்று பாக்கி இருந்தது. இந்தியக் குற்றச் சட்டத்தில் கடற்கொள்ளை என்று தனியாக ஒரு பிரிவே அப்போது கிடையாது! கரையில் நடக்கும் கொள்ளை, கொலை முயற்சி போன்றவற்றுக்கு உள்ள பிரிவுகளைத் தேடி எடுத்து வழக்குப் போட வேண்டி இருந்தது.

மும்பை செஷன்ஸ் கோர்ட்டில் விசாரணை நடந்தது. மூன்று வருஷத்துக்கு மேல் இழுத்தது. 2003 பிப்ரவரியில் தீர்ப்பு. 14 பேருக்கு 7 ஆண்டுக் கடுங்காவல். உலகம் முழுவதும் பாராட்டினார்கள். கப்பல் கொள்ளைக்காரர்களைப் பிடித்துக் கோர்ட்டில் நிறுத்தித் தண்டனையும் வாங்கிக் கொடுத்த நாடுகள் அப்போது மிகக் குறைவு.

ஆனால், கதை அங்கே முடியவில்லை. அப்பீல் போனது. 2005-ம் ஆண்டு மும்பை ஹைகோர்ட் அவர்களை விடுதலை செய்துவிட்டது.

படிக்கிறவர்களுக்குக் கோபம் வரும். எனக்கும் வந்தது. ஆனால், கோர்ட்டைச் சொல்லிப் பயன் இல்லை. திருடன் பிடிபட்ட பிறகு சட்டம் தேடினால் இப்படித்தான் ஆகும். அந்தத் தனிச் சட்டம் வருவதற்கு நாம் பிறகும் பல ஆண்டுகள் காத்திருந்தோம். இடையில் சோமாலியக் கொள்ளைக்காரர்கள் நம் மாலுமிகள் பலரைப் பிடித்துவைத்துப் பாடாய்ப் படுத்தினார்கள். 2022 டிசம்பரில்தான் பார்லிமெண்டில் கடற்கொள்ளைத் தடுப்புச் சட்டம் நிறைவேறி, 2023-ல் அமுலுக்கு வந்தது. ‘அலோண்ட்ரா ரெயின்போ’ பிடிபட்டு 23 ஆண்டுகளுக்குப் பிறகு!

ஜப்பான் கப்பல் சென்னைக்கு வந்தது

சட்டம் தாமதித்தாலும், கடலில் இருக்கிறவர்கள் தாமதிக்கவில்லை. ஜப்பானியர்கள் இந்த உதவியை மறக்கவில்லை. 2000-ம் ஆண்டு ஏப்ரலில் டோக்கியோவில் ஆசிய நாடுகளின் காவல் படைத் தலைவர்களும் கப்பல் துறை அதிகாரிகளும் கூடினார்கள். தகவலை எப்படிப் பரிமாறிக்கொள்வது, யார் யாரைக் கூப்பிடுவது என்று பேசினார்கள்.

கேட்பதற்கு அற்பமாக இருக்கிறதா? இல்லை. நடு ராத்திரியில் அயல் நாட்டில் எந்த டெலிபோனுக்குக் கூப்பிடுவது, எடுப்பவருக்கு நம் பாஷை தெரியுமா என்பதில்தான் பாதி உயிர்கள் போயிருக்கின்றன.

அதே ஆண்டு நவம்பரில் ஜப்பான் காவல் படையின் பெரிய கப்பலான ‘ஷிகிஷிமா’ நம் சென்னைக்கு வந்தது. இரண்டு நாட்டுக் காவல் படைகளும் கடலில் சேர்ந்து பயிற்சி செய்தன. அது முதல் இந்தப் பயிற்சி தொடர்ந்து வந்தது. ‘சஹ்யோக் கைஜின்’ என்று பெயர். ‘சஹ்யோக்’ என்ற ஹிந்திச் சொல்லுக்கு ஒத்துழைப்பு என்று அர்த்தம். 2018 ஜனவரியில் ஜப்பானின் ‘சுகாரு’ என்ற கப்பலும், 2020 ஜனவரியில் ‘எச்சிகோ’ என்ற கப்பலும் சென்னைக்கு வந்து கலந்துகொண்டன. கப்பலைக் கொள்ளைக்காரர்கள் பிடித்துவிட்டதாகப் பாவனை செய்து, அதை மீட்டுக் காட்டுவது இந்தப் பயிற்சியில் ஒரு பகுதி. தீப்பிடித்த கப்பலை அணைப்பது, தண்ணீரில் விழுந்தவனைத் தூக்குவது எல்லாம் உண்டு.

டோக்கியோப் பேச்சு அதோடு நிற்கவில்லை. 2004-ம் ஆண்டு நவம்பரில் 16 ஆசிய நாடுகள் பேசி ஓர் ஒப்பந்தம் தயாரித்தன. 2006 செப்டம்பரில் அது அமுலுக்கு வந்தது. சிங்கப்பூரில் தகவல் மையம் திறந்தார்கள். கோலாலம்பூர் காரியாலயம் வியாபாரிகளுடையது. இது அரசாங்கங்களுடையது. சேர்ந்த ஒவ்வொரு நாடும் ‘எங்கள் சார்பில் இவர்களைக் கூப்பிடுங்கள்’ என்று ஓர் இலாகாவைக் குறித்துக் கொடுக்க வேண்டும். இந்தியா குறித்துக் கொடுத்தது கடலோரக் காவல் படையை. பிறகு நார்வே, பிரிட்டன், ஆஸ்திரேலியா, அமெரிக்கா போன்ற தூரத்து நாடுகளும் சேர்ந்தன.

இதில் ஒரு குறையையும் சொல்ல வேண்டும். கொள்ளை அதிகம் நடந்த மலாக்கா ஜலசந்தியின் இரு கரையிலும் உள்ள நாடுகள் மலேசியாவும் இந்தோனேசியாவும். இந்த இரண்டும் ஒப்பந்தத்தைத் தயாரிக்கும்போது இருந்தன. அமுலுக்கு வந்தபோது சேரவில்லை. தகவல் மையத்தை எந்த ஊரில் வைப்பது என்பதில் மனத்தாங்கல் ஏற்பட்டது. நம் கடலில் அன்னியர் வந்து நாட்டாமை செய்வதா என்ற எண்ணமும் இருந்தது. தெரு முழுவதும் சேர்ந்து காவல் போட்டால், முக்கு வீட்டுக்காரர் மட்டும் ‘என் வாசலை நானே பார்த்துக்கொள்வேன்’ என்று சொல்வது மாதிரி. ஆனால், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. 2004 ஜூலை முதல் மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியா மூன்றும் ஜலசந்தியில் நேரம் வைத்து ரோந்து சுற்றின. பிறகு தாய்லாந்தும் சேர்ந்துகொண்டது. மலேசியா 2005-ல் கடல் காவலுக்கென்று தனி இலாகாவைக் களத்தில் இறக்கியது.

மலாக்கா ஜலசந்தி நமக்குப் புதிது அல்ல. நம் முன்னோர் கடாரம் என்று சொன்ன நாடு அதன் கரையில்தான் இருக்கிறது. ராஜேந்திர சோழனின் கப்பல்கள் போன வழி அது. இன்று ஜப்பானுக்கும் சீனாவுக்கும் போகிற எண்ணெயில் பெரும்பகுதி அந்த வழியாகத்தான் போகிறது. சிங்கப்பூருக்குப் பக்கத்தில் ஓர் இடத்தில் அதன் அகலம் 3 கிலோமீட்டர்கூட இல்லை. கப்பல்கள் மெதுவாகப் போயாக வேண்டும். கொள்ளைக்காரனுக்கு அதைவிட வசதி என்ன வேண்டும்?

2005-ம் ஆண்டு ஜூனில் லண்டன் இன்ஷூரன்ஸ்காரர்கள் அந்த ஜலசந்தியை யுத்தம் நடக்கும் இடத்துக்குச் சமமாக வைத்து ஆபத்துப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். பட்டியலில் சேர்ந்தால் இன்ஷூரன்ஸ் கட்டணம் ஏறும். கட்டணம் ஏறினால் சரக்குக் கூலி ஏறும். கடைசியில் கடையில் சாமான் வாங்குகிற நம் தலையில் விடியும். ரோந்து பலப்பட்ட பிறகு, 2006 ஆகஸ்டில் பட்டியலில் இருந்து எடுத்தார்கள். ஓர் ஆண்டுக்கு மேல் மூன்று நாடுகள் வெயிலிலும் மழையிலும் படகு விட்டதற்குக் கிடைத்த சர்டிபிகேட் அது.

நம் மீனவருக்கு என்ன?

‘இதெல்லாம் பெரிய கப்பல்காரர்கள் விவகாரம், கட்டுமரத்தில் போகிறவனுக்கு என்ன?’ என்று கேட்கலாம். தகவல் போகும் பாதை ஒன்றுதான். கொள்ளை ஆனாலும் புயல் ஆனாலும் கடலில் தேடிக் காப்பாற்றும் வேலையை நம் கடலில் கவனிப்பது அதே காவல் படை. அதற்கு மும்பை, சென்னை, போர்ட் பிளேர் மூன்று இடங்களிலும் தலைமை நிலையங்கள் உண்டு. இந்தியா பொறுப்பேற்றுள்ள தேடும் பரப்பு, நம் நாட்டு நிலப் பரப்பைவிடப் பெரியது. எல்லைக்கு அந்தப் பக்கம் படகு தள்ளிப்போனால், இலங்கையையோ மாலத்தீவையோ கூப்பிட்டுச் சொல்வார்கள். அவர்களும் அப்படியே.

கரையில் இருக்கிற வீட்டுக்காரர்கள் 1554 என்ற நம்பரை மனசில் வைத்துக்கொள்ளலாம். கடலோரக் காவல் படைக்குப் போகும். படகில் வைத்துக்கொள்ள அபாய அறிவிப்புக் கருவி ஒன்றையும் நம் விண்வெளி நிபுணர்கள் செய்திருக்கிறார்கள். பொத்தானை அமுக்கினால், செயற்கைக்கோள் வழியாகப் படகு இருக்கும் இடம் காவல் படைக்குத் தெரிந்துவிடும். கருவியை வீட்டு அலமாரியில் பத்திரமாகப் பூட்டிவைத்துவிட்டுக் கடலுக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வீட்டுப் பெண்கள்தான் சொல்ல வேண்டும்.

துரத்திப் பிடித்த கப்பல்களில் ஒன்றான ‘பிரஹார்’ இப்போது இல்லை. 2006-ம் ஆண்டு ஏப்ரல் 22-ந் தேதி, கோவாவுக்கு அப்பால் ஒரு சரக்குக் கப்பல் மீது மோதி முழுகிவிட்டது. அதில் இருந்தவர்கள் எல்லோரும் தப்பினார்கள்.

‘தென்யூ’வின் மாலுமிகள் பற்றி இதுவரை ஒரு செய்தியும் இல்லை.